தொழுவத்துக்கு வாங்கிய நான்கு டியூப் லைட்

அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போனது எப்படி என்று எங்கள் வீட்டில் பதினோரு நாள் விசாரணை நடந்தது. மெஷின் நின்றுகொண்டிருந்தது, கை வைத்ததும் ஓடியது என்றார் அப்பா. நான் மெஷினை நிறுத்தவே இல்லை, அது ஓடிக்கொண்டேதான் இருந்தது என்றார் என் கணவர். ஒருவர் சொல்வது உண்மையென்றால் மற்றவர் பொய் சொல்கிறார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அது நடந்தபோது வாசலில் நின்று பார்த்தவள் நான். பதினோரு நாளும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சேரன்மகாதேவிக்கு மேற்கே, தாமிரபரணிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் எங்கள் ஊர். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். கணவர் இரும்பு கடையும் லேத் வேலை தெரிந்தவர். கோவில்பட்டிப் பக்கம் ஒரு மில்லின் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தார். அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். அதே வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள், அப்பா தனியாகிவிட்டார். எனக்கும் இந்தப் பக்கம் மாற்றல் கிடைத்தது. நாங்கள் அப்பா வீட்டுக்கே குடிவந்தோம். கணவருக்கு அதில் மனசே இல்லை. மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று வந்த வாரத்திலிருந்தே அலைந்து, ஒரு பழைய லேத் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார்.

இறக்கிய இடம் அப்பாவின் மாட்டுத் தொழுவம். உழவு மாடுகளை விற்று நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஒரே ஒரு பசு மிச்சம். அதை வீட்டுக்குப் பின்னால் சாய்ப்புக்கு மாற்றினோம். தொழுவத்துக்குக் கல்சுவர், மேலே தகரம், முழ அகலத்தில் ஒரே ஒரு சன்னல். பின்பாதியில் அப்பா வைக்கோல் அடைத்து வைத்திருந்தார்.

"முன்பாதிய எடுத்துக்கிடுங்க மாப்ள. வைக்கலும் என் சாமானும் இருக்க இடத்துலயே இருக்கட்டும்" என்றார்.

சாமான் என்றால் மண்வெட்டி, கடப்பாரை, கயிறு, சாக்கு. எல்லாம் பின்சுவர் ஆணிகளில் தொங்கின. அவற்றுக்கு முன்னால் லேத் வந்து உட்கார்ந்தது. மோட்டாரின் ஓட்டத்தை லேத்துக்குக் கடத்த நடுவில் ஒரு இரும்புச் சக்கரம் இருந்தது. ஆறு ஆரக்கால்கள், இடுப்பு உயரம். அதைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு இருந்திருக்க வேண்டும். பழைய மெஷின் அல்லவா, கூண்டு எங்கோ தொலைந்திருந்தது. "செஞ்சு மாட்டிருதேன்" என்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வேலை வர ஆரம்பித்ததும் அது தள்ளிப்போனது.

பம்ப்செட்டின் சுழல்தண்டான ஷாஃப்ட்தான் அதிகம் வரும். ஆற்றங்கரை வயல்களில் மோட்டார் பழுதானால் முன்பெல்லாம் அம்பாசமுத்திரமோ திருநெல்வேலியோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இப்போது எங்கள் வாசலில் சைக்கிள்களும் மாட்டுவண்டிகளும் நின்றன. கணவரின் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது.

வெளிச்சம்தான் வில்லங்கம் செய்தது. தொழுவத்தில் முதலில் இருந்தது உத்தரத்திலிருந்து தொங்கும் ஒரு நூறு வாட் குண்டு பல்பு. கணவர் குனிந்தால் அவர் தலை நிழலே இரும்பின் மேல் விழுந்தது. ஒரு நாள் அளவுகோலின் கோட்டைத் தப்பாகப் பார்த்து ஒரு ஷாஃப்டைக் கூடுதலாகச் சீவிவிட்டார். தலைமயிர் கனம்தான் வித்தியாசம், ஆனால் அந்த ஷாஃப்ட் அதோடு போயிற்று. நாற்று நட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்த வயல்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டார். அப்பா உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கணவர் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் பல்பைத் தாழ்த்திக் கட்டினார். ரெண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கருகல் வாடை. பறந்த வைக்கோல் தூசி பல்பின் மேல் படிந்து தீய்ந்துகொண்டிருந்தது. அப்பா ஓடிவந்து பல்பை அணைத்தார்.

"ஏளா, இங்கன ஒரு பொறி விழுந்தா வீடு மிஞ்சாது. ஒண்ணு வெளிச்சத்த மாத்தணும், இல்ல மெஷின வெளிய எடுக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லு உன் மாப்ளய."

கணவர் ஐந்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரிடம் நேரே சொல்லாமல் என்னிடம் சொன்னார். கணவரும் என்னைப் பார்த்தே, "சனிக்கிழமை போய் வாங்கிருவோம்" என்றார். இருவருக்கும் நடுவில் இப்படி ஒரு தபால்காரியாக நான் ஆகியிருந்தேன்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு எலெக்ட்ரிக் கடை. கடைக்கார அண்ணாச்சி பொறுமையான ஆள். மில்லில் இருந்ததுபோல் பெரிய மெர்குரி விளக்கு வேண்டும் என்றார் கணவர்.

"உங்க ஊர்ல கரண்டு நிக்குமா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"எங்க? ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை போயிட்டு வரும்."

"அப்ப அது சரிப்படாது. ஒரு தடவை அணைஞ்சா சூடு ஆறித் திரும்பப் பத்த பத்து நிமிஷம் ஆகும். அதுவர இருட்டுல மெஷின் முன்னால நிப்பீயளா?"

நான் நடுவில் புகுந்தேன். டியூப் லைட் போதும் என்றேன். சூடு கம்மி, வைக்கோலுக்குப் பயமில்லை. நீளமாக இருப்பதால் நிழல் அழுத்தமாக விழாது. ஒரே வாட்டுக்குக் குண்டு பல்பைவிட மூன்று நாலு மடங்கு வெளிச்சம். பத்தாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் கடையில் நின்று விளக்கினேன். அண்ணாச்சி சிரித்தார். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்." கணவர் அரைமனசாகத் தலையாட்டினார். நான்கு டியூப் லைட், பட்டிகளோடு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம்.

வயர்மேன் வந்து நான்கையும் ஒரே வரிசையில் மாட்டி ஒரே சுவிட்சில் சேர்த்தான். போட்டதும் தொழுவம் பால் ஊற்றினதுபோல் ஆயிற்று. இரும்பில் ஒவ்வொரு கீறலும் தெரிந்தது. கணவர் அளவுகோலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஊருக்கு வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் பெருமைதான்.

அடுத்த சண்டை அந்த ஆணிகளால் வந்தது. மெஷினுக்குப் பின்னால் ஆள் நடமாடுவது ஆபத்து, மண்வெட்டியையும் சாக்கையும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல் என்று கணவர் என்னிடம் சொன்னார். நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா தொழுவ வாசலுக்கே வந்துவிட்டார்.

"என் தொழுல என் மண்வெட்டிக்கு இடம் இல்லையா?"

"இடத்துக்காகச் சொல்லல மாமா. மெஷின் பக்கம்..."

"நாளைக்கு என்னையும் பின்னால நிக்காதன்னு சொல்லுவீரு."

அன்றோடு இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஐப்பசி மாதக் கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. மலையில் இன்னும் கூடுதல் என்றார்கள். மாஞ்சோலை பஸ் மேலே ஏறாமல் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி இருக்கும், அப்போதே கருக்கல் மாதிரி இருட்டு. ஆனால் அதிசயமாகக் கரண்டு இருந்தது. கரண்டு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று கணவர் ஒரு ஷாஃப்டுக்குக் கடைசி வழவழப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு மெஷின் வேகமாக ஓட வேண்டும். பெல்ட்டை மாற்றிப் போட்டிருந்தார். அவ்வளவு வேகத்தில் அந்த மெஷின் எங்கள் வீட்டில் ஓடியது அன்றுதான் முதல் தடவை. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நான் டீயை எடுத்துக்கொண்டு, தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். தகரத்தின் மேல் மழை விழுகிற சத்தத்தில் காதுக்குள் வேறு எதுவும் நுழையவில்லை. சாரல் அடிக்காமல் கதவைப் பின்னால் சாத்திக்கொண்டேன். சன்னலும் சாத்தியிருந்தது. உள்ளே டியூப் லைட் வெளிச்சம். கணவர் அந்தக் கோடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாணைக்கல்லில் ஒரு உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். லேத் தானாக ஷாஃப்டைச் சீவிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் அடுத்த உளியைத் தீட்டிக்கொள்வது அவர் வழக்கம்.

அப்பா எனக்கு முன்னாலேயே உள்ளே வந்திருந்தார். மேல வயலில் வரப்பு உடைத்துக்கொண்டது என்று யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். மண்ணள்ளிப் போட்டு அடைக்கச் சாக்கு வேண்டும். தொப்பலாக நனைந்து, தோளில் ஈரத் துண்டோடு மெஷினுக்குப் பின்னால் நின்றார். சாக்குக் கட்டு சக்கரத்துக்கு அந்தப் பக்கம். சுற்றிக்கொண்டு போகாமல் சக்கரத்துக்கு மேலாகக் கையை நீட்டினார்.

நான் சக்கரத்தைப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தது. ஆறு ஆரக்கால்களையும் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கலாம், அவ்வளவு தெளிவாக, அசையாமல் நின்றது. அதனால் எனக்குப் பதற்றமே வரவில்லை. டீ ஆறிவிடுமே என்றுதான் நினைத்தேன்.

பிறகு என் பார்வை தற்செயலாக மெஷினின் முன்பக்கம் போயிற்று. உளி முனையிலிருந்து இரும்புச் சீவல் சுருண்டு சுருண்டு விழுந்துகொண்டிருந்தது. சக்கரம் நிற்கிறது, ஆனால் சீவல் விழுகிறது. இது எப்படி என்று புரியாவிட்டாலும், மெஷின் ஓடுகிறது என்பது மட்டும் புரிந்தது.

"அப்பா!" என்று கத்தினேன். மழையில் எனக்கே கேட்கவில்லை. டீயைக் கீழே போட்டுவிட்டு வாசல் சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அது ஒரு தடவை மக்கர் பண்ணிவிட்டு இறங்கியது. அந்த இடைவெளியில் அப்பாவின் தோளிலிருந்த துண்டின் நுனி சரிந்து சக்கரத்தில் விழுந்ததைப் பார்த்தேன். விளக்கும் மெஷினும் ஒன்றாக அணைந்தன.

இருட்டு. மோட்டாருக்குக் கரண்டு போனாலும் சக்கரம் உடனே நிற்காது, இழுத்த இழுப்பில் சுற்றும். அது எனக்குத் தெரியும். எத்தனை சுற்று, எத்தனை நொடி என்று தெரியாது. அந்த இருட்டில் ஏதோ 'தட்' என்று அடிபட்டது மட்டும் மழையைத் தாண்டிக் கேட்டது. பிறகு துணி கிழிகிற சத்தம். "யாரு? யாரது?" என்று கணவரின் குரல். நான் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தேன். காலில் அப்பா தட்டுப்பட்டார்.

கணவர் தட்டுத்தடுமாறிச் சன்னலைத் திறந்தார். அப்பா தரையில் சாய்ந்து கிடந்தார். துண்டு சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அவரையும் இழுத்து, பாதியில் கிழிந்திருந்தது. அது பழைய துண்டாக இல்லாமல் புதுசாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நான் நினைக்காமல் தவிர்க்கிறேன். வலது மணிக்கட்டு ஒரு கோணலாகத் திரும்பியிருந்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் இருந்த இடத்தில் ரத்தம்தான் தெரிந்தது. அப்பா அழவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டு, "நின்னுல்லா இருந்துச்சு" என்றார். "நின்னுல்லா இருந்துச்சு, மாப்ள."

கணவர் தன் வேட்டியைக் கிழித்துக் கையைச் சுற்றினார். பக்கத்துத் தெரு வேனைப் பிடித்துப் பாளையங்கோட்டைக்குப் போனோம். வழியில் ரோட்டில் தண்ணீர் ஏறிய இடங்களில் டிரைவர் பைய ஊர்ந்தார். கணவர் அப்பாவின் கையைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தார்.

எலும்பு முறிவு. விரல்களை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் பழைய மாதிரி மடங்காது என்றார் டாக்டர். மறுநாள் காலையில் ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். விபத்து என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்புவது வழக்கமாம்.

"பெரியவரே, எப்படி நடந்துச்சு?"

அப்பா கூரையைப் பார்த்தார். கட்டிலின் அந்தப் பக்கம் கணவர், இந்தப் பக்கம் நான். கால்மாட்டில் சித்தப்பா, அப்பாவின் தம்பி, சேதி கேட்டு விடியற்காலையிலேயே வந்திருந்தார்.

"மழையில வழுக்கிட்டு" என்றார் அப்பா. "நான்தான் போய் விழுந்தேன்."

"மெஷின் ஓடிட்டா இருந்துச்சு?"

அப்பா கண்ணை மறுபடி கூரைக்கே திருப்பினார். போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களாம்மா?"

"மழை இருட்டு. சரியாத் தெரியல" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். கணவர் அவரோடு வாசல் வரை போனதும் சித்தப்பா குனிந்து, "அண்ணே, என்ட்டயாவது உண்மையச் சொல்லு" என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "மெஷின் நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. என் கண்ணு அவிஞ்சா போச்சு? கைய நீட்டுனதும் ஓடுது. போட்டது யாருன்னு நான் பாக்கல."

"உள்ள இருந்தது ஒரே ஆளுதான?" என்றார் சித்தப்பா. பிறகு என்னைப் பார்த்தார். "சாமான எடுன்னு சொன்னாருல்லா? எடுக்கலன்னதும் இப்படிச் செஞ்சிருக்காரு."

"சித்தப்பா, வாய்க்கு வந்ததப் பேசாதீங்க" என்றேன். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. ஏனென்றால் சக்கரம் நின்றதை நானும் பார்த்திருந்தேன்.

கணவர் சொன்னது ஒரே பேச்சுதான். "நான் மெஷின நிப்பாட்டவே இல்ல. நிப்பாட்டாத மெஷின எப்படித் திரும்பப் போட முடியும்?" வீட்டில் தனியாக இருக்கும்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "நீயாவது நம்புதியா?" நம்புகிறேன் என்றேன். அது பொய்யில்லை. சீவல் விழுந்ததை நான் பார்த்தேன். ஓடாத மெஷினில் சீவல் விழாது. ஆனால் நின்ற சக்கரத்தையும் நான் பார்த்தேன். அதைச் சொன்னால் அப்பா சொன்னதற்கு நான் சாட்சியாகிவிடுவேன். கட்டினவரைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் அப்பாவை வயசான காலத்தில் பொய் சொல்கிறார் என்றோ, கண் தெரியவில்லை என்றோ ஊர் சொல்லும். சொல்லவும் செய்தார்கள். டீக்கடையில் ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. பாதி வேலை வருவது நின்றது. நான் தினமும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோய், அப்பாவுக்கு ஊட்டிவிட்டு, அவர் கண்ணைப் பார்க்காமல் திரும்பினேன்.

பத்தாம் நாள் வார்டில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் மேஜையில் ஒரு சின்ன ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போகும்போது அதை அணைத்தாள். எனக்கு வேறு வேலையில்லை, அது நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் குறையக் குறைய, மூன்று இறக்கைகள் ஆறுபோலத் தெரிந்தன. அந்த ஆறும் ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தன. அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் டியூப் லைட்.

பத்து வருஷமாக இதைத்தான் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். நம் வீட்டுக் கரண்டு ஒரு நொடிக்கு ஐம்பது சுற்று. அதில் டியூப் லைட் நூறு தடவை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்கு அது தெரியாது. குண்டு பல்பின் கம்பி சூட்டில் இருப்பதால் அவ்வளவாக மங்காது. டியூப் லைட் அப்படியில்லை. அது மங்கி எரிவதற்குள், சுற்றுகிற சக்கரத்தில் ஒரு ஆரக்கால் இருந்த இடத்துக்கு அடுத்த ஆரக்கால் சரியாக வந்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் அதே படம்தான் கண்ணில் விழும். சக்கரம் நின்றதுபோலவே தெரியும். பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு மார்க் போட்டிருக்கிறேன். கடையில் நின்று நான்கு டியூப் லைட்டைத் தேர்ந்தெடுத்தபோது எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். கை கழுத்தில் தொங்கியது. வேனிலிருந்து இறங்கியதும், வீட்டுக்குள் போகவிடாமல் நேரே தொழுவத்துக்கு வரச் சொன்னேன். சித்தப்பாவையும் கூப்பிட்டேன். கணவர் என்ன இது என்பதுபோல் பார்த்தார்.

"அன்னைக்கு எந்த வேகத்துல ஓட்டுனீங்களோ, அதே மாதிரி பெல்ட்டப் போடுங்க" என்றேன்.

"என்னத்துக்கு?"

"போடுங்க, சொல்லுதேன்."

கதவையும் சன்னலையும் சாத்தினேன். டியூப் லைட்டைப் போட்டேன். மெஷின் ஓட ஆரம்பித்தது. மழை இல்லாததால் இரைச்சல் நன்றாகக் கேட்டது. சக்கரம் வேகம் பிடித்தது, மங்கலாயிற்று. ஆரக்கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, பைய ஊர்ந்தன, நின்றன. ஆறு கால்களும் அசையாமல் நின்றன. மோட்டார் அலறிக்கொண்டிருந்தது.

சித்தப்பா ஒரு அடி முன்னால் வந்தார். நான் அவரைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒரு விறகுச் சுள்ளியை எடுத்து எட்ட நின்றே சக்கரத்துக்குள் நீட்டினேன். படபடவென்று நொறுங்கித் துண்டுகள் தகரத்தில் போய் அடித்தன. சித்தப்பா பின்னால் துள்ளினார். பிறகு டியூப் லைட்டை அணைத்துவிட்டுப் இன்னும் கழற்றாமல் தொங்கிய பழைய குண்டு பல்பைப் போட்டேன். சக்கரம் வெறும் சாம்பல் வட்டமாகச் சுற்றியது. ஒரு காலும் தெரியவில்லை.

"அப்பா சொன்னதும் நெசம். இவங்க சொன்னதும் நெசம்" என்றேன். "இந்த லைட்ட வாங்குனது நான். நான்தான் இதுதான் நல்லதுன்னு சொன்னேன்."

அப்பா சக்கரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மெஷின அமத்துங்க மாப்ள" என்றார். அது நின்ற பிறகு, இடது கையால் கணவரின் தோளைத் தொட்டார். "நான் உம்மைத் தப்பா நெனச்சிட்டேன். போலீஸ்காரன்ட்டச் சொல்லல. ஆனா மனசுல நெனச்சிட்டேன்."

"நான் அந்தக் கூண்டச் செஞ்சு மாட்டியிருக்கணும் மாமா" என்றார் கணவர். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா வீட்டுக்குள் போன பிறகு கணவர் என் பக்கம் திரும்பினார்.

"சக்கரம் நின்ன மாதிரி தெரிஞ்சதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

நான் நொறுங்கிக் கிடந்த சுள்ளித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"அன்னைக்கே பாத்தியா?"

"பாத்தேன்."

"பதினோரு நாளு. ஊரே என்னக் கொலகாரன் மாதிரி பாக்குது. நீ பாத்தத என்ட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்லா? நான் பைத்தியம் மாதிரி ராவும் பகலும், ஒருவேள நான்தான் நிப்பாட்டிட்டுத் திரும்பப் போட்டேனோ, நமக்குத்தான் ஞாபகம் இல்லையோன்னு..."

அவர் தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறார் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன். அதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

மறு வாரம் கணவரும் அப்பாவும் சேர்ந்து ஜங்ஷன் கடைக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நடந்ததைக் கேட்டு அண்ணாச்சி ரொம்ப வருத்தப்பட்டாராம். டியூப் லைட்டைக் கழற்ற வேண்டாம். நான்கையும் ஒரே லைனில் கொடுக்காமல் மூன்று ஃபேஸிலும் பிரித்துக் கொடுத்தால், ஒன்று மங்கும்போது இன்னொன்று எரியும், ஏமாற்றாது என்று சொல்லியிருக்கிறார். பெரிய மில்களில் அப்படித்தான் செய்திருப்பார்களாம். பன்னிரண்டு வருஷம் மில்லில் இருந்தும் கணவர் கண்ணில் இது படாததற்கு அதுதான் காரணம். லேத்துக்கு மேல் மட்டும் ஒரு குண்டு பல்பு, தகர மூடி போட்டு, முன்னால் கம்பி வலையோடு. அதைத் தேர்ந்தெடுத்தது அப்பா. மூடி போதாது, வலையும் வேண்டும், வைக்கோல் தூசி அண்டக் கூடாது என்று கடையில் நின்று வாதாடி வாங்கியிருக்கிறார். வைக்கோலையும் ஆணிச் சாமான்களையும் அவரே ஆள்விட்டு மாட்டுச் சாய்ப்புக்கு மாற்றினார். கூண்டைக் கணவர் இரண்டே நாளில் செய்துவிட்டார்.

வேலை மறுபடியும் வந்தது. அப்பா இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டார். கணவரும் அவரும் சாயங்காலம் தொழுவ வாசலில் உட்கார்ந்து பேசுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். என்னோடு கணவர் தேவைக்குத்தான் பேசினார். அவர் கோபித்துக் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் மரியாதையாகப் பேசினார், அதுதான் தாங்க முடியவில்லை.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வைக்கவில்லை, தொழுவத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, இங்கன கொஞ்சம் வா."

போனேன். ஒரு புது ஷாஃப்ட் மெஷினில் ஏறியிருந்தது. பெல்ட்டை வேகத்துக்கு மாற்றிப் போட்டிருந்தார்.

"அந்தச் சக்கரத்தப் பாரு. என்ன தெரியுது?"

கூண்டுக் கம்பிகளின் வழியாகப் பார்த்தேன். "ஓடுது" என்றேன்.

இன்னும் ஒரு படி வேகம் கூட்டினார். "இப்ப?"

"ஓடுது."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"ஓடுதுங்க."

அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். நான் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அந்த ஷாஃப்ட் முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். போ என்று அவர் சொல்லவில்லை.